பின்பனியில் பூத்த மலைச்செடிகள்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளியில் மனனம் செய்தோம். ஆனால் மலேசியத் தமிழ் மாணவர்களுக்கு இவற்றில் பாதி வெறும் சொற்களே. செரண்டாவில் வளர்ந்த எனக்குத் தெரிந்தவை வெயிலும் மழையும்தான். மூன்றாவதாக ஒரு பருவத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், கித்தா மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தைச் சொல்லலாம். மாசி மாதத்தை ஒட்டி மரங்கள் பழுத்துச் சிவந்து மொட்டையாக நிற்கும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர்விடும். தளிரோடு வெளிர்மஞ்சள் நிறத்தில் சிறுசிறு பூக்கள் கொத்தாக வரும். அந்த நாட்களில் பால் குறையும். பால் குறைந்தால் தோட்டத்துக் குடும்பங்களின் வருமானமும் குறையும். ஆகவே அதை ஓர் அழகான பருவம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே மாசி, பங்குனி மாதங்களில்தான் இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளின் தோட்டங்களில் ஆண்டின் முதல் பூக்கள் தலைகாட்டுகின்றன. அவர்கள் அதை வசந்தத்தின் தொடக்கம் என்கிறார்கள். தமிழ்க் கணக்கிலோ அது இன்னும் பின்பனிக் காலம். என்னைக் கேட்டால் நம் பெயர்தான் பொருத்தம். ஏனென்றால் அங்கே தோட்டம் வளர்ப்பவர்கள் மார்கழிக் குளிரைவிட அதிகம் அஞ்சுவது இந்தப் பின்பனியைத்தான். செடி விழித்துக்கொண்ட பிறகு ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும். ஓராண்டுக் காத்திருப்பு விடிவதற்குள் பழுப்பு நிறமாகிவிடும்.

எங்கள் ஊர்க் கித்தா மரத்தையும் அந்தக் குளிர்நாட்டுப் பூவையும் ஒருங்கே தொட்ட ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் ஜோசப் டால்டன் ஹூக்கர். டார்வினின் நண்பர் என்ற அளவில் அறிவியல் மாணவர்கள் அவரை அறிந்திருக்கலாம். அவருடைய வாழ்க்கையைத் தமிழில் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

ஹூக்கர் 1817ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் ஹேல்ஸ்வொர்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஜேக்சன் ஹூக்கர் தாவரவியல் அறிஞர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தந்தைக்குப் பேராசிரியர் பதவி கிடைத்ததால் குடும்பம் ஸ்காட்லாந்துக்குப் பெயர்ந்தது. சிறுவன் ஜோசப் தந்தையின் வகுப்புகளில் உட்கார்ந்தே செடிகளைப் படித்தார். ஆனாலும் அக்காலத்தில் தாவரவியலை நம்பிச் சோறு உண்ண முடியாது. மருத்துவம் படித்து 1839இல் பட்டம் பெற்றார். நம் வீடுகளில் பிள்ளைகளை மருத்துவம் படி என்று விரட்டுவது ஏதோ நமக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ண வேண்டாம்.

அதே ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்ட எரிபஸ் கப்பலில் துணை மருத்துவராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுக் கடற்பயணம். டாஸ்மேனியா, நியூசிலாந்து, கெர்குலன் தீவு என்று உலகின் தென்கோடியைச் சுற்றினார். கப்பல் கரை தட்டிய இடமெல்லாம் பாசி, புல், செடி எதையும் விடாமல் சேகரித்தார். கடுங்குளிரில் ஒரு செடி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதை நூலில் படிக்காமல் நேரில் பார்த்தவர் அவர். இந்தப் பயிற்சி பின்னால் அவருக்கு மிகவும் கைகொடுத்தது.

இடையில் 1841இல் அவர் தந்தை லண்டனுக்கு அருகே உள்ள கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநரானார். அரச குடும்பத்தின் தோட்டமாக இருந்து சீர்குலைந்து கிடந்த கியூவை ஓர் அறிவியல் நிலையமாக உருவாக்கியவர் அவரே. மகன் 1843இல் திரும்பி வந்தபோது, செடிகளை அனுப்பி வைக்கவும் விதைகளை முளைக்க வைக்கவும் ஓர் இடம் தயாராக இருந்தது. அந்த ஆண்டுகளில்தான் டார்வினோடு நட்பு ஏற்பட்டது. உயிரினங்கள் மாறக்கூடியவை என்ற தம் எண்ணத்தை 1844 ஜனவரியில் டார்வின் கடிதம் எழுதித் துணிந்து வெளியிட்டது இந்த இளைஞரிடம்தான். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1858இல், டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகளையும் லின்னேயன் கழகத்தில் அரங்கேற்ற ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரும் ஹூக்கரே. டார்வினைப் பற்றி எழுதுவோர் ஹூக்கரை ஒரு துணைப்பாத்திரமாகவே காட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இனி இமயத்துக்கு வருவோம். இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்கச் சென்ற டல்ஹௌசி பிரபுவின் பரிவாரத்தோடு 1847 நவம்பரில் புறப்பட்ட ஹூக்கர், 1848 ஜனவரியில் கல்கத்தாவில் இறங்கினார். ஏப்ரலில் டார்ஜிலிங்கை அடைந்தார். அங்கே பிரையன் ஹாட்ஜ்சன் என்ற அறிஞர் அவருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். டார்ஜிலிங்கின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்ச்சிபால்ட் கேம்பல் பயணங்களுக்கு உதவினார். 1848 இறுதியில் கிழக்கு நேப்பாளத்துக்கும், 1849 முழுவதும் சிக்கிமுக்கும் அவர் மேற்கொண்ட பயணங்களே இந்தக் கட்டுரையின் பூக்களுக்கு ஊற்றுக்கண்.

அவர் அங்கே தேடிக் கண்ட செடி ரோடோடென்ட்ரான். நீலகிரியில் இதன் இனம் ஒன்று உண்டு. தமிழில் காட்டுப் பூவரசு என்பார்கள். நாம் அறிந்த பூவரசோடு இதற்கு உறவு எதுவும் இல்லை, பெயர் மட்டுமே ஒன்று. தோல் போன்று தடித்த இலைகளும், கிளை நுனியில் பந்துபோல் திரளும் பூக்களும் கொண்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் நம் நாட்டிலும் உள்ளன. ஜொகூரின் லேடாங் மலையில் மல்லிகைப் பூவை ஒத்த வெண்ணிறப் பூக்கள் பூக்கும் இனம் ஒன்றை 1850இல் உலகுக்கு அறிமுகப்படுத்தி மல்லிகைப்பூ ரோடோடென்ட்ரான் என்னும் பொருள்படப் பெயரிட்டவர் ஹூக்கரின் தந்தை. இந்த லேடாங் செடி கியூவில் கண்ணாடி வீட்டுக்குள்தான் பிழைக்கும். சிக்கிம் செடிகளில் பலவோ திறந்த வெளியில், கொட்டும் பனியில், பிழைக்கும்.

காரணம் எளிது. லேடாங் 1,276 மீட்டர்தான். உச்சியில் குளிர்ந்த காற்று உண்டே தவிர, குளிர்காலம் என்ற ஒன்று இல்லை. சிக்கிமில் 3,000 மீட்டருக்கு மேல் ஏறினால் மாதக்கணக்கில் வெண்பனி மூடிக் கிடக்கும். சிக்கிம் இங்கிலாந்தைவிட வெகுவாகத் தெற்கே, வெப்ப மண்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் செடிக்கு வரைபடம் தெரியாது. அது எந்த உயரத்தில் முளைத்ததோ அந்த உயரத்தின் குளிர்தான் அதன் உடம்பில் பதிந்திருக்கிறது. ஹூக்கர் ஒவ்வொரு செடியையும் எந்த உயரத்தில் கண்டார், அங்கே வெப்பநிலை என்ன, மண் எப்படி என்று குறித்துக்கொண்டே ஏறினார். கையில் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் இல்லாமல் அவர் நடந்ததில்லை. 5,500 மீட்டர் அளவு உயரமுள்ள டோங்கியா கணவாய் வரை ஏறினார். தரையோடு தரையாகப் படர்ந்து வாழும் மிகச் சிறிய இனம் ஒன்றுக்குப் பனியின் பெயரையே வைத்தார். தோட்டக்கலைக்கு ஹூக்கர் அளித்த பெருங்கொடை அவர் கொண்டுவந்த பூக்களின் நிறமல்ல, இந்தக் குறிப்புகளே என்பது என் கருத்து. எந்த விதை வெளியே பிழைக்கும், எது கண்ணாடி வீட்டுக்குப் போக வேண்டும் என்று கியூவில் இருந்தவர்கள் ஊகிப்பதற்கு அவை உதவின.

காட்டுப் பூவரசின் விதை தூசி போன்றது. ஒரு சிட்டிகையில் நூற்றுக்கணக்கில் அடங்கும். காய்கள் முற்றுவது கார்த்திகை, மார்கழி ஒட்டிய குளிர்நாட்களில். பூவைப் பார்க்க ஒரு முறை, விதையை எடுக்க மறுமுறை என்று அதே மலையில் இருமுறை ஏற வேண்டும். விரல் விறைத்துப்போகும் குளிரில், பனியை உதறி, காய்களைக் கிள்ளிச் சேர்க்க வேண்டும். ஹூக்கரின் நேப்பாளப் பயணத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உடன் சென்றனர். சுமை தூக்கியவர்கள், வழிகாட்டியவர்கள், மரமேறிப் பூப்பறித்தவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். இவர்களில் லெப்சா இனத்தவர் காட்டை நன்கு அறிந்தவர்கள். எந்தச் செடி எங்கே நிற்கும் என்று அவர்களைக் கேட்டுத்தான் வெள்ளையர் தெரிந்துகொண்டார்கள்.

செடிகளுக்கு யார் யார் பெயர் கிடைத்தது என்று பார்த்தால் வேறு கதை. டல்ஹௌசி பிரபுவின் மனைவிக்கு ஒன்று, ஹாட்ஜ்சனுக்கு ஒன்று, நண்பர் தாமஸ் தாம்சனுக்கு ஒன்று, தாவரவியலார் ஃபால்கனருக்கு ஒன்று. கேம்பலுக்கு ஒரு மக்னோலியா மரம். ஹூக்கர் தம் பயண நூலில் லெப்சாக்களை வாயாரப் புகழ்ந்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். புகழ்ச்சி நூலோடு நின்றது. செடியின் பெயரோ இன்றும் ஒவ்வொரு தோட்டத்துப் பலகையிலும் நிற்கிறது. நிரை பிடித்துப் பால் சீவியவர்களின் வழிவந்த எனக்கு இது கண்ணில் படாமல் போகாது.

1849இல் நடந்த ஒரு நிகழ்ச்சி அவர் வாழ்க்கை வரலாற்றில் எல்லோரும் சொல்வது. சிக்கிம் அரசரின் திவானுக்கு ஆங்கிலேயர் மீது நம்பிக்கையில்லை. எல்லைகளில் அளவெடுத்துக்கொண்டும் படம் வரைந்துகொண்டும் திரிகிற மனிதர் வெறும் பூப்பறிக்க வந்தவர் என்று எந்த அரசாங்கம்தான் நம்பும்? ஹூக்கர் வரைந்த சிக்கிம் வரைபடம் பின்னால் ஆங்கிலப் படைக்குப் பயன்பட்டது என்பதால், அந்தச் சந்தேகம் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. நவம்பரில் கேம்பலையும் ஹூக்கரையும் பிடித்து வைத்தார்கள். கேம்பலை அடித்துத் துன்புறுத்தினார்கள். ஹூக்கருக்கு அந்த அளவு கொடுமை நேரவில்லை; அவர் நண்பரை விட்டுப் பிரியாமல் உடன் இருந்தார். டிசம்பர் இறுதியில் இருவரும் விடுவிக்கப்பட்டனர். இதையே காரணமாக வைத்து ஆங்கில அரசு சிக்கிமின் தென்பகுதி நிலத்தைப் பிடுங்கிக்கொண்டது.

இந்த இடத்தில் நான் கவனித்தது வேறொன்று. அது காய்கள் முற்றும் காலம். காவலர்கள் புடைசூழ மலைப்பாதையில் நடத்திச் செல்லப்பட்ட அந்த நாட்களிலும் ஹூக்கர் வழியோரத்துக் காட்டுப் பூவரசுகளின் விதைகளைப் பறித்துச் சேர்த்துக்கொண்டே நடந்தார். நாளை உயிரோடு விடுவார்களா என்று தெரியாத மனிதர் செய்கிற வேலையா இது? அந்த விதைகளும் கியூவில் முளைத்தன.

அவர் அனுப்பிய குறிப்புகளையும் படங்களையும் கொண்டு, சிக்கிம் இமயத்தின் ரோடோடென்ட்ரான்கள் என்னும் பெரிய நூலைத் தந்தையார் 1849 முதல் 1851 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். முப்பது வண்ணப் படங்கள். மலையில் ஹூக்கர் தீட்டிய ஓவியங்களைப் பார்த்து அவற்றை அச்சுக்கு வரைந்தவர் வால்டர் ஹூட் ஃபிட்ச். ஹூக்கர் ஊர் திரும்புவதற்கு முன்பே முதல் பகுதி கடைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தின் செல்வந்தர்களுக்கிடையே இந்தச் செடிகளுக்கு ஒரு வெறியே பிறந்தது.

விதை கைக்கு வந்துவிட்டது, வளர்ப்பது எப்படி? தோட்டம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி சுவைக்கும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

குளிர்நாடுகளில் முதலில் பூக்கும் ஸ்னோடிராப், குரோக்கஸ், டேஃபோடில் போன்றவை நம் வெங்காயத்தைப் போலக் கிழங்கு உள்ளவை. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் உறங்கும். பனி மேலே விழுந்தால் விழட்டும், உயிர் கீழே பத்திரமாக இருக்கும். காட்டுப் பூவரசுக்கு அந்த வசதி கிடையாது. அதன் பூமொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும். இலையுதிர்காலம், குளிர்காலம் இரண்டையும் கிளை நுனியில் நின்றபடியே கழிக்க வேண்டும். கடுங்குளிரில் இலைகள் சுருண்டு கீழ்நோக்கித் தொங்கும். பார்ப்பதற்கு வாடியது போலிருந்தாலும் அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வகை. மொட்டின் செதில்களும் இறுக மூடியிருக்கும். அந்த நிலையில் பல இனங்கள் எவ்வளவு குளிரையும் தாங்கும்.

சிக்கல் எழுவது மாசியில். சிக்கிமின் உயரங்களில் குளிர் ஒரே சீராக நிற்கும், பிறகு ஒரேயடியாக விலகும். வசந்தம் ஒரு முறைதான் வரும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. பிப்ரவரியில் நான்கு நாள் வெயில் காயும், செடி ஏமாந்து மொட்டை அவிழ்க்கும், ஐந்தாம் இரவு உறைபனி இறங்கும். மலைக்காட்டில் அதைவிடப் பெருங்குளிரைத் தாங்கிய செடி இங்கே சிறு குளிரில் பூவை இழக்கும். குளிரைத் தாங்கும் வலிமை வேறு, விழிக்கும் நேரம் வேறு என்று தோட்டக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இதற்கு அவர்கள் கண்ட வழிகள் பல. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலத் தாழ்வான இடத்துக்கு வழிந்து தேங்கும்; ஆகையால் பள்ளத்தில் நடாமல் சரிவில் நடுவது நல்லது. கிழக்குப் பார்த்த இடம் கூடாது. உறைந்த பூவின் மீது காலை வெயில் நேரே பட்டால் உறைநீர் சட்டென்று உருகித் திசுக்கள் சிதைந்துவிடும். மேற்குப் பார்த்த இடத்தில் மெல்ல உருகினால் தப்பிக்க வாய்ப்புண்டு. ஓக், பைன் போன்ற உயர்ந்த மரங்களின் விரிநிழலில் நட்டால், மேலே உள்ள கிளைகள் இரவின் வெப்பத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். சுண்ணாம்பு கலந்த மண் அறவே ஆகாது, புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். வேர்கள் மேலோட்டமானவை. ஆழ நடக்கூடாது, அடியில் கொத்தக்கூடாது, மக்கிய இலைகளைக் கனமாகப் போர்த்த வேண்டும். கியூவில் இந்தச் செடிகளுக்குக் கிடைத்த இடமோ, பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஒரு பள்ளம்! மண்ணும் மணற்பாங்கானது, மழையும் குறைவு. அங்கே அவை வளர்ந்தது கவனிப்பின் பலத்தால்தான். உண்மையில் அவை செழித்தது ஈரக்காற்றும் இளங்குளிரும் உள்ள கார்ன்வால், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை, அயர்லாந்து ஆகிய இடங்களில். கியூவிலிருந்து பகிரப்பட்ட விதைகளும் நாற்றுகளும் அங்கெல்லாம் சென்று மரங்களாயின.

ஹூக்கரின் செடிகளில் சிலியாட்டம் என்றொரு குட்டை இனம் உண்டு. இலையோரங்களில் கண்ணிமை போன்ற மயிர்கள் இருப்பதால் அந்தப் பெயர். லங்காஷயரைச் சேர்ந்த ஐசக் டேவிஸ் என்ற நாற்றுப் பண்ணைக்காரர், இதனைச் சைபீரியாவின் டாவுரிக்கம் என்னும் இனத்தோடு கலந்தார். ஒன்று இமயத்துக் குளிர், மற்றொன்று சைபீரியக் குளிர். பிறந்த கலப்பினத்துக்கு முந்திப் பூப்பது என்னும் பொருளில் பிரேக்காக்ஸ் என்று பெயர். பிப்ரவரி, மார்ச்சிலேயே இளஞ்செந்நீலமாகப் பூத்துக் குலுங்கும். செடி எவ்வளவு குளிரையும் தாங்கும், பூ தாங்காது. ஆண்டுதோறும் ஒரு சூதாட்டம்தான். இருந்தும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அதை நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேம்பலின் பெயர் பெற்ற மக்னோலியா இன்னும் பொறுமையைச் சோதிக்கும். விதையிலிருந்து வளர்த்தால் முதற்பூவுக்கு இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். இலை விடுவதற்கு முன், பின்பனிக் காலத்தில், மொட்டைக் கிளைகளில் தட்டளவு இளஞ்சிவப்புப் பூக்கள் விரியும். அப்படி ஒரு தலைமுறை காத்திருந்தவரின் பூவையும் பனி ஓர் இரவில் கருக்கிவிடும். நட்டவர் பூப்பதைக் காண்பது நிச்சயமில்லை என்று தெரிந்தே நடுகிற மரம் அது.

ஹூக்கர் 1851இல் இங்கிலாந்து திரும்பி, தமக்காக நான்காண்டு காத்திருந்த ஃபிரான்சிஸ் ஹென்ஸ்லோவை மணந்தார். 1855இல் கியூவின் துணை இயக்குநர், தந்தையின் மறைவுக்குப் பின் 1865இல் இயக்குநர். மேலதிகாரியான அமைச்சர் ஒருவரோடு பல ஆண்டுகள் கடுமையாக மோதினார். 1863இல் ஆறு வயது மகள் மரியா இறந்தபோது, முன்பே மகளைப் பறிகொடுத்திருந்த டார்வினுக்குத்தான் உடனே எழுதினார். 1874இல் மனைவியும் காலமானார். 1876இல் அவர் மறுமணம் செய்துகொண்ட பெண்மணியின் பெயர் ஹையசிந்த். குளிர்நாட்டில் வசந்தத் தொடக்கத்தில் மணக்கும் ஒரு கிழங்குப் பூவின் பெயர்தான் அது.

அந்த 1876ஆம் ஆண்டு நமக்கும் வேண்டிய ஆண்டு. ஜூன் மாதத்தில் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 கித்தாக் கொட்டைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். இந்திய அலுவலகம் பணம் கொடுத்தது. இயக்குநராக இருந்தவர் ஹூக்கர். காட்டுப் பூவரசின் தூசி விதை காய்ந்தாலும் உயிரைப் பிடித்துவைத்திருக்கும். கித்தாக் கொட்டை அப்படியல்ல, எண்ணெய்ச் சத்துள்ளது. சில வாரங்களில் செத்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் அதே கொட்டைதான். கண்ணாடி வீடுகளில் மற்ற செடிகளை ஒதுக்கிவிட்டு இரவோடிரவாக விதைத்தும், முளைத்தவை ஏறத்தாழ 2,700. நூற்றுக்கு நான்கு கூட இல்லை. ஆகஸ்டில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. நட்டவர் பேராக்கின் ஆங்கிலேயப் பிரதிநிதி ஹியூ லோ. இந்த லோ முன்பு போர்னியோவில் செடி சேகரித்தவர். கினபாலு மலையின் குடுவைச்செடி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தவர் வேறு யாருமல்ல, ஹூக்கரே.

பின்னால் 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்த ரிட்லி, மரம் சாகாமல் மீண்டும் மீண்டும் பால் சீவும் முறையை வகுத்தார். காப்பி போய் கித்தா வந்தது. சிலாங்கூரின் காடுகள் அழிந்து நிரை நிரையாக மரங்கள் எழுந்தன. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். ராவாங், செரண்டா, பத்தாங்காலி, கோல சிலாங்கூர் என்று லயங்கள் நிறைந்தன. கப்பலேறிய கன்றுகள் எத்தனை, எந்தப் பெட்டியில் எத்தனை, எந்த ஊரில் எத்தனை பிழைத்தன என்று கியூவில் கணக்கு உண்டு. அவற்றைத் தொடர்ந்து வந்த எங்கள் முன்னோரில் எத்தனை பேர் மலைக்காய்ச்சலுக்குப் பலியானார்கள் என்று என் பாட்டியிடம் கேட்டால், கையை விரித்துக் காட்டுவார். இதற்கு ஹூக்கரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதல்ல என் வாதம். அவர் மலாயாவில் கால் வைத்தவரே இல்லை. ஒரு செடியை இடம்பெயர்க்கும்போது அதன் மண், உயரம், குளிர் எல்லாவற்றையும் அவ்வளவு அக்கறையோடு விசாரித்த அறிவு, மனிதர்களை இடம்பெயர்த்தபோது ஏன் எவருக்கும் வேலை செய்யவில்லை என்பதே என் கேள்வி.

ஹூக்கருக்கு 1877இல் சர் பட்டம் கிடைத்தது. 1873 முதல் 1878 வரை ராயல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். 1885இல் பதவியை விட்டு விலகி, லண்டனுக்கு மேற்கே சன்னிங்டேலில் தாம் கட்டிய வீட்டில் குடியேறினார். அங்கே மண் புளிப்பு மண். சுற்றிலும் பைன் மரங்கள். தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. சிக்கிமில் இளைஞராகக் கண்ட செடிகளின் வழித்தோன்றல்களை முதியவராகத் தம் வீட்டைச் சுற்றி வளர்த்தார்.

ஓய்வு என்பது பெயருக்குத்தான். பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்கள் என்னும் நூலை 1872இல் தொடங்கி ஏழு தொகுதிகளாக 1897இல் முடித்தார். இந்தியா, இலங்கை, பர்மா மட்டுமின்றி மலாயாத் தீபகற்பத்துச் செடிகளும் அதில் அடங்கும். நம் தாவரவியல் மாணவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. அதன்பின் தொண்ணூறு வயதை நெருங்கும்போது அவர் கையில் எடுத்தது காசித்தும்பைக் குடும்பம். நம் வீட்டு வாசலில் தானாக முளைக்கும் அந்த எளிய பூச்செடிக்கு நூற்றுக்கணக்கான காட்டு உறவுகள் உண்டு. உலர்த்தினால் பூ நசுங்கி உருத்தெரியாமல் போவதால் அறிஞர்கள் தொட அஞ்சும் குடும்பம். உலர்ந்த பூவை நீரில் ஊறவைத்து, ஊசியால் இதழிதழாகப் பிரித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து வரைவார். தொண்ணூற்று நான்காம் வயதிலும் அந்த வேலையை அவர் கைவிடவில்லை.

1911ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் டார்வினுக்கு அருகே இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் அதை ஏற்காமல், கியூவில் புனித ஆன் தேவாலயத்தில் அவர் தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தனர். அங்கிருந்து பூங்காவின் வாசல் சில நிமிட நடைதான். உள்ளே, அந்தப் பழைய பள்ளத்தில், அடுத்த பின்பனிக்கான மொட்டுகள் அப்போது கிளை நுனிகளில் இறுக மூடி நின்றிருக்கும்.